ஒரு படி கேட்டேன்

எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு இறங்க முப்பத்திரண்டு படிகள். தெருவின் மறுமுனை ஒரு கிடங்கின் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பால் வாங்கப் போனாலும் சரி, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனாலும் சரி, அந்த முப்பத்திரண்டில்தான் இறங்கியாக வேண்டும். அதில் மேலிருந்து எண்ணினால் பதினோராவது படி உடைந்துவிட்டது. கதை இவ்வளவுதான். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. எனக்கு எட்டு மாதம் ஆனது. எப்படி ஆனது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் சோப்புக் கட்டி அளவுதான் பெயர்ந்தது. ஒரு மழை பெய்தது, தலையணை அளவுக்குப் போய்விட்டது. நான் தையல்காரி, எதையும் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டேன், டேப் வைத்துத்தான் சொல்வேன். நீளம் இருபத்திரண்டு அங்குலம், உள்வாக்கில் ஒன்பது, ஆழம் ஏழு. அதுவும் எந்தப் பக்கம் என்கிறீர்கள், கைப்பிடிக் கம்பி இருக்கிற பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பள்ளத்தில் கால் போகும். பள்ளத்தை விட்டு ஒதுங்கினால் கம்பி கைக்கு எட்டாது.

எனக்கென்ன, நான் தாண்டிவிடுவேன். என் வீட்டுக்காரரால் அப்படித் தாண்ட முடியாது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். அவர் ஓய்வு பெற்ற மறு வருடமே அவருடைய சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலை பத்து மணிக்கு டயாலிசிஸ். தாமதமாகப் போனால் அவ்வளவு நேரத்தை அவர் பங்கில் வெட்டிவிட்டு அடுத்த ஆளை மெஷினில் போட்டுவிடுவார்கள். இடது கையில் ஊசி போடுவதற்கென்றே ரத்தக் குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கையில் சின்ன அடிகூடப் படக்கூடாது. போகும்போதாவது பரவாயில்லை. திரும்பி வரும்போது பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி வருவார்.

இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்குவது அவர் பழக்கம். "எட்டு, ஒம்பது, பத்து, ஓட்டை, பன்னெண்டு." பதினொன்று என்று சொல்வதையே விட்டுவிட்டார்.

"இல்லாத ஸ்டாப்பை எதுக்குக் கூவணும்," என்பார்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் நல்ல மனிதர். உடைந்த அன்றைக்கே வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நாலு செங்கல், ரெண்டு சட்டி கலவை. ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சா மத்தியானம் சாப்பாட்டுக்குக் கை கழுவிடலாம்," என்றார்.

அப்போதே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எதையும் முறைப்படி செய்கிற வியாதி. நகராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

அங்கே எழுத்தர் என் மனுவை வாங்கவே இல்லை. அது ஏதோ சூடான பாத்திரம் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்பல்லாம் மனு நேரா வாங்குறது இல்லம்மா. மக்கள்கிட்டயிருந்து வரணும்."

"நானும் மக்கள்தானேங்க?"

"நீங்க தனி ஆளு. மக்கள்னா ஒரு அமைப்பா வரணும். முன்ன மாதிரி மேலயிருந்து கீழ வர்ற நிர்வாகம் இல்ல இது. கீழயிருந்து மேல போற நிர்வாகம்."

"எங்களுக்குக் கீழ போகத்தாங்க வழியில்ல."

அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் 'அடித்தள மக்கள் பங்கேற்பு வட்டம்' என்று எழுதிக் கொடுத்தார். நான் எழுந்தபோது, "நீங்களா ஆள வச்சுப் பூசிடாதீங்க. பொதுச் சொத்து. அபராதம் போட்டுருவாங்க," என்று அன்பாகச் சொன்னார்.

பங்கேற்பு வட்டம் எங்கள் படிகளின் அடியிலேயே, சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கூடத்தில் நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு. வாசலிலேயே பெயரைக் கேட்டு நெஞ்சில் ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள். 'என் குரல்' என்று அதில் அச்சடித்திருந்தது. உள்ளே பதினான்கு பேர் இருந்தார்கள். அதில் பதினோரு பேர் நிர்வாகிகள். பொதுமக்கள் என்று பார்த்தால் நான், கொத்தனார், மின்விசிறிக்காக வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்.

ஒருங்கிணைப்பாளர் பதினெட்டு வருடமாக அடித்தளத்தில் பணியாற்றுகிறாராம். காரில்தான் வந்தார். அடித்தளத்துக்கு வரக் கார்தான் வசதி போலிருக்கிறது. பக்கத்தில் செயலாளர் அம்மாள், கனமான ஒரு நோட்டோடு. நீங்கள் தும்மினால்கூட 'உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதிக்கொள்கிற ஆள்.

முதலில் விளையாட்டு. எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, ஒரு கம்பளி நூல்கண்டை ஒருவர் மேல் ஒருவர் எறியச் சொன்னார்கள். நூலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு எறிய வேண்டும். கால் மணி நேரத்தில் நடுவில் ஒரு பெரிய சிக்கல் உண்டாகிவிட்டது. யாரும் அசைய முடியவில்லை.

ஒருங்கிணைப்பாளர் குரல் தழுதழுத்துச் சொன்னார்: "பாருங்க. இதுதான் ஜனநாயகம். எல்லாரும் எல்லாரோடயும் இணைஞ்சிருக்கோம். ஒருத்தர் நகந்தா இன்னொருத்தருக்கு வலிக்கும். அதனால யாரும் நகர மாட்டோம்."

எல்லோரும் கைதட்டப் பார்த்தார்கள், கை கட்டுப்பட்டிருந்தது. பிறகு என் தொழில் என்னவென்று தெரிந்ததும் அந்தச் சிக்கலை என் மடியில் போட்டுவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் ஐம்பது நிமிடம் பேசி முடிக்கும்வரை நான் நூலைப் பிரித்துக் கண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நடந்த ஒரே வேலை அதுதான்.

கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு. "உங்க தேவையை ரெண்டே வார்த்தைல எழுதுங்க. ஜனநாயகம் சுருக்கமா இருக்கணும்," என்றார் ஐம்பது நிமிடம் பேசியவர்.

நான் எழுதினேன்: படி வேண்டும்.

சுவரில் மூன்று பெரிய தாள்கள் ஒட்டியிருந்தன. கவலை, கருத்து, கனவு. என் சீட்டைச் செயலாளர் அம்மாள் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கனவில் ஒட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் கேட்டார், "பங்கேற்புன்னா என்னன்னு சொன்னாங்களா?"

"சொல்லலையே."

"நான் சொல்றேன். பங்கு அவங்களுக்கு. ஏற்பு நமக்கு."

அடுத்த மாதம் போனபோது செயலாளர் அம்மாள் என்னைத் தேடி வந்து ஒரு கனமான உறையைக் கொடுத்தார். நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். உத்தரவுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிரித்தால், போன மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. மூன்று பிரதி.

"இது எதுக்குங்க?"

"நீங்கதானே படி கேட்டீங்க? ஒரு படியே போதும், நான் மூணு படி எடுத்து வச்சேன்."

"ஐயோ, நான் கேட்டது ஏறி இறங்குற படிங்க. உடைஞ்சிருக்கு. வெளிய வந்து பாருங்க, இங்கயிருந்தே தெரியும்."

"அப்ப அதைச் சீட்டுல எழுதியிருக்கணும்."

"ரெண்டே வார்த்தைன்னீங்களே?"

அவர் நோட்டைப் புரட்டினார். முகத்தில் உண்மையான வருத்தம். "உங்க கோரிக்கை நிறைவேறிடுச்சுன்னு பதிவாயிருச்சேம்மா. இந்த வருஷம் நாங்க முழுசா நிறைவேத்தின முதல் கோரிக்கையே உங்களதுதான். மேல அறிக்கை போயிடுச்சு. இப்ப அதைத் திறக்கணும்னா மறுபங்கேற்புப் படிவம் போடணும்."

படிவத்தின் முதல் கேள்வி: 'உங்கள் பங்கேற்பு அனுபவம் எப்படி இருந்தது?' கீழே மூன்று கட்டங்கள். மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, சொல்ல முடியாத மகிழ்ச்சி. நான் மூன்றாவதில் மகிழ்ச்சியை மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டுவைத்தேன். கோரிக்கை என்ற இடத்தில் இந்த முறை ஜாக்கிரதையாக எழுதினேன்: 'எங்கள் தெருவில் முன்பு இருந்த படி வேண்டும்.'

அதைத் தட்டச்சு செய்தவர் இடைவெளி விடுவதில் சிக்கனக்காரர். மூன்றாவது மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, தாளைப் பார்த்துப் படித்தார்: "'எங்கள் தெருவில் முன்பு இருந்தபடி வேண்டும்.' என்ன ஒரு முதிர்ச்சி. எல்லாரும் மாத்தணும் மாத்தணும்னு வர்ற இடத்துல, ஒரு சாதாரணத் தையல்காரம்மா வந்து எதையும் மாத்த வேணாம், முன்ன இருந்தபடியே இருக்கட்டும்னு சொல்றாங்க. இந்த வட்டம் இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருக்கோ, அதையே அவங்களும் கேக்கறாங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எங்கள் தெருவில் எதையும் தொடுவதில்லை என்று. கொத்தனார் கை தூக்கி ஏதோ சொல்ல வந்தார். அதையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

எழுதினால்தானே இந்தத் தொல்லை, வாயால் சொல்லிவிடுவோம் என்று நான்காவது மாதம் மைக்கைக் கேட்டேன். 'குடிமக்கள் நேரம்' என்று ஒன்று உண்டு. இரண்டு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் செயலாளர் அம்மாள் என்னை அறிமுகம் செய்தார். நான் மைக்கைப் பிடித்து, "எங்களுக்குப் படி வேணுங்க. படி இல்லாம வந்து போக ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றேன். மணி அடித்துவிட்டது.

நிர்வாகிகள் பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினெட்டு வருஷமா எங்க மனசுல இருந்த விஷயம். வாய்விட்டுக் கேக்க எங்களுக்குக் கூச்சம். இந்தம்மா கேட்டுட்டாங்க. வந்து போகக் கஷ்டமா இருக்கு, படி வேணும்னு. இது மேலயிருந்து வந்த குரல் இல்ல. மக்கள் குரல். மக்கள் குரலுக்கு நாங்க கட்டுப்படறோம்."

அன்றே தீர்மானம். நிர்வாகிகளுக்குப் பயணப்படி. பொது உறுப்பினர்களுக்கு உண்டா என்று மின்விசிறிப் பெரியவர் கேட்டார். மக்களுடைய பங்கேற்பு காசுக்காக இருக்கக்கூடாது, அதன் தூய்மை கெட்டுவிடும் என்று பதில் வந்தது. முன்மொழிந்தவர் என்று என் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். வாசலில் ஒவ்வொருவராக வந்து எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. நெகிழ்ந்துவிட்டேன் என்று செயலாளர் அம்மாள் எழுதிக்கொண்டார்.

படியில் ஏறும்போது கொத்தனார் சொன்னார், "அக்கா, நீங்க இன்னும் ரெண்டு தடவை அங்க போய்ப் பேசினா எங்க வீட்டையும் இடிச்சிருவாங்க. பேசாம செங்கலை எறக்கவா?"

"அபராதம் போடுவாங்கப்பா."

"சரி. யாராச்சும் விழறதுக்குள்ள ஒரு எச்சரிக்கையாவது எழுதி வைங்க."

அது நியாயமாகப் பட்டது. பெயின்ட் வாங்கி வந்து, பதினோராவது படியை ஒட்டிய சுவரில் பெரிய எழுத்தில் எழுதினேன். 'படி உடைந்திருக்கிறது. பார்த்து இறங்கவும்.' முதல் சொல்லை நல்ல பெயின்டில் எழுதினேன். அது தீர்ந்துபோய், மீதியைக் கொத்தனார் வீட்டிலிருந்த பழைய சுண்ணாம்பில் எழுதினேன். ஒரு மழைக்கு மீதியெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. முதல் சொல் மட்டும் நின்றது.

படி.

ஒருங்கிணைப்பாளர் காரிலிருந்து இறங்கும்போது அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஐந்தாவது மாதக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினார். "யாரும் சொல்லித் தரல. மக்கள் தாங்களாவே சுவர்ல எழுதியிருக்காங்க, படின்னு. ஒரு சொல். ஒரு கட்டளை. மக்கள் நம்மகிட்ட ரோடு கேக்கல, விளக்கு கேக்கல. படிக்கணும்னு கேக்கறாங்க."

"சார், அதை எழுதினது நான்தான்," என்றேன்.

"அடக்கமா சொல்றாங்க பாருங்க," என்றார் அவர்.

இப்படித்தான் வாசிப்பு இயக்கம் தொடங்கியது. நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரு துணிப் பதாகை. 'படி! படி! படி!' என்று ஏணி மாதிரி அடுக்கி அச்சடித்திருந்தார்கள். எங்கே கட்டினார்கள் தெரியுமா, எங்கள் கைப்பிடிக் கம்பியில், ஒன்பதாம் படியிலிருந்து பதினைந்தாம் படிவரை, இறுக்கிச் சுற்றி. தொடக்க விழாவுக்கு வந்தவர்கள் பள்ளத்தைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்தவரிடம் ஒருவர், "இந்த ஓட்டை தெரியாம எடுங்க," என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

துணி வழவழப்பு. அதைப் பற்றி எனக்குத் தெரியாதா? அந்த ரகத் துணியை உள்ளாடைக்குக்கூட நான் வாங்குவதில்லை, கையில் நிற்காது. கட்டின அன்றைக்கே அவிழ்க்கப் போனேன். 'கலந்தாய்வில் உள்ள பொருள், தொடக்கூடாது' என்று ஒரு சீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். நகராட்சி முத்திரை வேறு. முறைப்படி நடக்கிற வியாதிக்காரி, கையை எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் முன்னால், அவர் பின்னால். "ஒம்பது, பத்து," என்ற குரல் கேட்டது. ஓட்டை என்ற சொல் வரவில்லை. திரும்பினேன். கம்பியைப் பிடித்த வலது கை துணியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. கால் பள்ளத்துக்குள் போனது. அப்படியே வலப்பக்கமாகச் சாய்ந்து மூன்று படி உருண்டார். இடது கையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவர் மாதிரி. கடைசிவரை அந்தக் கையைக் கீழே விடவில்லை.

கொத்தனார் ஓடிவந்து முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். எலும்பு முறியவில்லை. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நாற்பது நிமிடம் தாமதம். மெஷினில் அந்த நாற்பதை வெட்டிக்கொண்டார்கள்.

"கண்டக்டர் முன்னாடி போயிட்டா வண்டி இப்படித்தான் கவுரும்," என்று என்னைக் கேலி செய்துகொண்டுதான் மெஷினில் படுத்திருந்தார். திரும்பி வந்தபோதுதான், படிகளின் அடியில் உட்கார்ந்துவிட்டார். மேலே பார்த்தார். கட்டு தளர்ந்த அந்தப் பதாகை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"இத பாரு. நான் ஒண்ணு சொல்றேன், சத்தம் போடாத."

"சொல்லுங்க."

"இதோட நிறுத்திக்கலாம்."

"எதை?"

"இந்த ஏறி இறங்குறதை. வாரத்துக்கு மூணு நாள் இந்தப் படியை நினைச்சா எனக்கு முந்தின ராத்திரியே தூக்கம் போயிடுது. அந்த ஊசியெல்லாம் ஒண்ணுமே இல்ல. வீட்டோட இருந்துடறேன். எத்தனை நாளோ அத்தனை நாள்."

டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொத்தனாரைப் பார்த்தேன். அவர் செங்கலை இறக்கிவிடலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கொத்தனாருக்குக் கையிலிருந்த வேலையை, ஞாயிறுகூட விடாமல், முடிக்க ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும் அவர்தான் வாரத்துக்கு மூன்று நாள் இவரை முதுகில் சுமந்து இறக்கினார். "வண்டி நல்லா ஓடுது, ஆனா ஹாரன் இல்ல," என்று இவர் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே போவார். நானும் சும்மா இருக்கவில்லை. முறைப்படி ஒரு கடைசிக் கடுதாசி எழுதிப் போட்டேன், விழுந்ததைச் சொல்லி. வந்த பதிலில் 'தங்கள் கணவரின் பங்கேற்புக்கு நன்றி' என்றிருந்தது. அதோடு அந்த வியாதி எனக்குத் தீர்ந்தது.

எட்டாவது மாதத்தின் முதல் ஞாயிறு. வட்டத்தில் கூட்டம். தலைப்பு, 'பாதசாரிகளின் குரலைச் செவிமடுத்தல்'. எல்லோரும் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் நாங்கள் செங்கலை இறக்கினோம். கொத்தனார் பள்ளத்துக்குள் துருத்தியிருந்த துருப்பிடித்த கம்பியை மடக்கிக் கட்டினார், நான் கலவை எடுத்துக் கொடுத்தேன், டேப்பைப் பிடித்தேன். எதிர்க்கூடத்திலிருந்து மைக்கில் ஒருங்கிணைப்பாளர் குரல் வந்துகொண்டே இருந்தது. "பாதசாரி என்பவர் யார்? அவர் எங்கே போகிறார்? ஏன் போகிறார்?" அவர் மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் கொத்தனார் மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டார். பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஓர் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தினார்.

"என்ன அது?"

"கையெழுத்துக்கா. படிச்சிருந்தா பேர் எழுதியிருப்பேன். அவங்கதான் படி படின்னு சொன்னாங்க, நான் கேக்கல."

மூன்று நாள் காய வேண்டும் என்றார். அதனால் செவ்வாய்க்கிழமை பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி இவரைச் சுமந்து தாண்டினார். வியாழக்கிழமை தன் காலாலேயே இறங்கலாம் என்று இவருக்கு வாக்குக் கொடுத்தோம். புதன்கிழமை மாலை இவர் செருப்பைத் துடைத்து வைத்ததை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தால், படிகளின் மேல்பக்கம் நாற்காலிகள். மைக். பத்தாம் படிக்கும் பதினோராம் படிக்கும் நடுவில், சுவருக்கும் கம்பிக்குமாக ஒரு சிவப்பு ரிப்பன். சுவரில் நான் எழுதிய 'படி'யின் மேல் ஒரு பளபளப்பான பலகை. 'மக்கள் பங்கேற்பால் மலர்ந்த படி.' கீழே பதினோரு நிர்வாகிகளின் பெயர்கள். கொத்தனார் பெயர் இல்லை. அவர் பலகையை ஒரு முறை பார்த்துவிட்டு, கட்டைவிரல் பதிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

அபராதம் என்னாயிற்று என்று கேட்கிறீர்களா? அதை யாரும் பேசவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, களவைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

"வாங்கம்மா, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்தோம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "நகராட்சித் தலைமை அலுவலர் வந்து ரிப்பன் வெட்டறார். ஒம்பது மணிக்கு வர்றேன்னார்."

மணி ஒன்பதே கால். "இவருக்குப் பத்து மணிக்கு மெஷினுங்க. நாங்க இறங்கிடறோம்."

"திறக்காத படில எப்படி இறங்குவீங்க?"

"காலாலதாங்க."

"அதில்லம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு. திறக்கறவரைக்கும் அது படியே இல்ல. வெறும் சிமென்ட்."

"முன்னாடி வெறும் ஓட்டையா இருந்துச்சே, அப்ப இறங்க விட்டீங்களே?"

"அது வேற," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுகிற குரலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஐயா, உங்களுக்காகத்தானே இந்தப் படியே. கொஞ்ச நேரம் உக்காருங்க. ஜனநாயகத்துல காத்திருக்கறதும் ஒரு பங்கேற்புதான்."

இவர் துடைத்து வைத்த செருப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ஒரு நாற்காலியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். உட்கார்ந்துவிட்டால் இனி எழுந்திருக்க மாட்டார். இன்றைக்கு மட்டுமில்லை.

ஒன்பது இருபது. நான் என் பையைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார முடியாது என்று எப்போதும் ஏதாவது கைத்தையல் கொண்டுபோவேன். கத்தரிக்கோல் இருக்கும். பெரிய கத்தரி, போன வாரம்தான் சாணை பிடித்தது.

செயலாளர் அம்மாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னம்மா பண்றீங்க?"

இவர்தான் பதில் சொன்னார். நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார், "அளவு பாத்துட்டியா?"

"எட்டு மாசமா பாத்துட்டேன்."

வெட்டினேன். நல்ல ரிப்பன், ஓரம் பிசிரவில்லை. பாதியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன், எதற்காவது ஆகும்.

பின்னால் மைக்கில் யாரோ, "நிறுத்துங்க, இது செல்லாது, இது செல்லாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் கம்பியை வலது கையால் பிடித்தார். துணியை முந்தின நாளே கொத்தனார் அவிழ்த்துவிட்டிருந்தார். காலை எடுத்து வைத்தார், ஒரு கணம் நின்றார், அடுத்த காலையும் வைத்தார்.

"பதினொண்ணு," என்றார். ஸ்டாப்பைக் கூவுவதுபோல, சாலைவரைக்கும் கேட்கும்படி.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே மெஷினில் படுத்தார். தலைமை அலுவலர் பதினொன்றரைக்கு வந்தாராம்.

அடுத்த வாரம் வட்டத்திலிருந்து தபால் வந்தது. அனுமதியின்றி ஜனநாயக நிகழ்வை முன்கூட்டி நடத்திய குற்றத்துக்காக என்னைப் பங்கேற்பிலிருந்து ஆறு மாதம் நீக்கியிருக்கிறார்கள். பங்கேற்பு நடவடிக்கையில் தாமாகவே ஈடுபட்டது ஒழுங்கு மீறல் என்று காரணம் போட்டிருந்தது. படிக்கு வேறொரு நாள் புது ரிப்பன் கட்டி, மறுபடி வெட்டி, முறைப்படி திறந்துகொண்டார்கள். நாங்கள் அன்றைக்கும் அதன் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடிதம் மூன்று படி வந்தது. நல்ல கெட்டித் தாள். காலர் வெட்ட மாதிரி எடுக்க அருமையாக இருந்தது.

நேற்று செவ்வாய்க்கிழமை. மூன்று பேருமாக இறங்கிக்கொண்டிருந்தோம். கொத்தனார் முன்னால், இவர் நடுவில், நான் பின்னால். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு," என்றார். நின்றார். காலை அழுத்திப் பார்த்தார்.

"இது லேசா ஆடுது."

கொத்தனார் திரும்பிப் பார்த்தார். நான் எதிரே கூடத்தின் ஜன்னலைப் பார்த்தேன், திறந்திருந்தது.

"மெதுவா சொல்லுங்க," என்றேன். "அவங்க காதுல விழுந்துடப் போகுது."